வளர்ப்பு நாய் ஆட்டைக் கொன்றால் நஷ்டஈடு: தாலுகா கோர்ட் இலவச சட்ட உதவி எப்படி?

பேரணாம்பட்டு பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அடுத்தவர் வளர்க்கும் நாய் உங்கள் ஆட்டைக் கொன்றுவிட்டால், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள், தாலுகா கோர்ட்டில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். அந்தக் குழுவுக்கு என் மதிப்பெண் 5க்கு 4.

எங்கள் சித்தியின் பட்டிக்குள் ராத்திரி இரண்டு நாய்கள் புகுந்து, சினை ஆடுகளையும் சேர்த்துக் குதறிவிட்டன. தெருநாய்கள் அல்ல, பக்கத்து மாந்தோப்பில் காவலுக்கு வளர்ப்பவை, இருட்டியதும் அவிழ்த்துவிடுவார்கள். தோப்புக்காரர் குடியிருப்பது மலைக்கு அந்தப் பக்கம், வி.கோட்டாவில். "வாயில்லா ஜீவன் பண்ணதுக்கு நான் என்னம்மா பண்றது" என்று போனை வைத்துவிட்டார். ஆந்திராக்காரர் மேல் இங்கே கேஸ் போட முடியாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

அது தவறு என்று, நாங்கள் போன அந்தக் குழுவில் இருந்த வக்கீல் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஆடு அசையும் சொத்து, எதிராளி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சேதம் நடந்த இடத்துக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 19. பெண் என்பதால் சித்தியிடம் வருமானச் சான்றுகூடக் கேட்கவில்லை, 1987 சட்டப் பணிகள் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது.

இங்கிலாந்தில் 1971 சட்டப்படி நாய் கால்நடையைக் கொன்றாலே வளர்ப்பவர் பொறுப்பு, அதன் சுபாவம் அவருக்கு முன்பே தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் அவருடைய அலட்சியத்தை நாம் காட்டியாக வேண்டும். அதே நாய்கள் முன்பு கோழி பிடித்தபோது தோப்புக்காரரிடமே போய்ச் சொன்ன பெரியவர் ஒருவர் சாட்சிக்கு வந்தது பெரிய பலம். புதைப்பதற்கு முன் அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று, காயம் தெரியும்படி போட்டோ, ஸ்டேஷனில் மனு கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, இவை கட்டாயம் கையில் இருக்கட்டும். விலங்கை அலட்சியமாக வைத்திருந்து ஆளுக்கு ஆபத்து வருகிற நிலை என்றால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 291இன்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் ஆட்டின் விலையைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். சித்தப்பா கோபத்தில் அந்த நாய்களுக்கு விஷ மருந்து வைக்கப் போனார், அதே சட்டத்தின் பிரிவு 325இல் 5 வருடம் வரை உள்ளே போக நேரும் என்று அந்த அம்மாதான் தடுத்தார்.

அப்புறம் லோக் அதாலத், அதாவது இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். கோர்ட் கட்டணம் கிடையாது. நோட்டீஸ் போனதும் தோப்புக்காரர் வந்து உட்கார்ந்தார், பேசி முடித்தார்கள், அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் இதெல்லாம் நடக்கும், இல்லையென்றால் வழக்குதான் வழி. வயிற்றில் இருந்த குட்டிகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, சித்திக்கு அது இன்னும் ஆறவில்லை, நான் ஒரு மார்க் குறைத்ததும் அதற்காகத்தான்.

நேரில் போக முடியாதவர்கள் சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்யலாம், ஆந்திரா பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கும் அதே எண்தான்.