1,45,000 ரூபாய் போச்சு: ஜெர்மனியில் சினிமா படிக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஒரு கன்சல்டன்சியில் 1,45,000 ரூபாயை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோவையில் மெயின் ரோட்டில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகளின் போட்டோ. பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் அண்ணன் சொல்லிவிட்டார்.

நான் விஸ்காம் முடித்து மூன்று வருஷமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். மியூனிக், பெர்லின், பாபெல்ஸ்பெர்க் என்று ஜெர்மனியில் பெரிய சினிமாப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் கிடையாது. அந்த ஆசையில்தான் போனேன்.

முதல் நாள் அந்த ஆபீசின் 'சார்' என் படத்தைக் காட்டச் சொன்னார். பாட்டியை வைத்து எடுத்த 11 நிமிடக் குறும்படம். எங்கள் வீட்டிலேயே யாரும் அதை முழுசாகப் பார்த்ததில்லை, அப்பா நாலாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார். இவர் பார்த்தார். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி, பாட்டி வெற்றிலையைத் தொடையில் துடைத்துக் காம்பு கிள்ளுகிற ஷாட்டுக்குத் திரும்பப் போனார். "இது ஜன்னல் வெளிச்சத்துலயே எடுத்ததுங்களா அம்மிணி?" என்று கேட்டார். ஆமாம், ஒரு லைட் கூட வைக்கவில்லை. அதை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். படி இறங்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டுச் சீட்டை எடுக்கச் சொன்னேன். தள்ளு போக வந்த பணம் அப்படியே அவர்களுக்குப் போனது.

போர்ட்ஃபோலியோ, விண்ணப்பம், விசா எல்லாம் சேர்த்து 1,17,000. நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மைதான் என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழுக்கு 28,000. இந்திய மாணவர்களுக்கு விசா எடுக்க அந்தச் சான்றிதழ் 2022 நவம்பரில் இருந்து கட்டாயம், சரி. ஆனால் அதன் கட்டணம் 18,000தான், நாமே நேராகக் கட்டிக்கொள்ளலாம். கேட்டதற்கு "ப்ராசஸிங் மேடம்" என்றார்கள். பணம் கொடுக்கும் வரைக்கும் அம்மிணி, கொடுத்த பிறகு மேடம்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "போர்ட்டல் டவுன்." "அங்க ஈஸ்டர் லீவு." "சார் ஃபேர்ல இருக்கார்." மூன்று மாதத்தில் மூன்று கவுன்சலர்கள், ஒவ்வொருவருக்கும் என் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். அங்கே பல சினிமாப் பள்ளிகளில் விண்ணப்பத்தோடு ஒரு தலைப்பும் கொடுத்து, அதற்கு நாமே படமோ புகைப்படத் தொடரோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். எனக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும்." நான் எடுக்க வேண்டிய படத்தை இவர்கள் டீம் எப்படி எடுக்கும்? அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. 'சப்மிட்டட்' என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது, விண்ணப்ப எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

போன வாரம், விண்ணப்பம் போட்டுவிட்டதாக இவர்கள் சொன்ன பள்ளிக்கு நானே மெயில் போட்டேன். மறுநாளே பதில், இரண்டே வரி. இந்தப் பெயரில் விண்ணப்பம் எதுவும் வரவில்லை. கடைசித் தேதி முடிந்துவிட்டது.

நேரில் போய்க் கேட்டால், பெர்லினில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறதாம், சீட் உறுதியாம், வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகுமாம். அதற்கு இவர்களுக்குக் கமிஷன் உண்டு என்று எனக்குத் தெரியாதா என்ன? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்கள், எறும்பு சைஸ் எழுத்தில், கட்டிய பணம் திரும்பாது என்று. 1,45,000. என் சம்பளத்தில் எட்டு மாதம்.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. விண்ணப்பத்தை உங்கள் மெயில் ஐடியில் நீங்களே போடுங்கள், பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏபிஎஸ் பணத்தை நீங்களே கட்டுங்கள். விசாவுக்காக ஒரு வருஷச் செலவுக்கென்று காட்டும் 11,904 யூரோ உங்கள் பெயரில் இருக்கும் பிளாக்டு அக்கவுண்டில்தான் (மொத்தமாக எடுக்க முடியாத கணக்கு) போக வேண்டும், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். அதை எங்கள் கணக்கில் போடுங்கள் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். சினிமாப் பள்ளிகளில் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் பாடம், முதலில் அதைப் படியுங்கள். இதை அந்த சார் ஒருநாள் கூடச் சொல்லவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அந்த வேலையை முடித்துவிட்டு இன்று காலை அவர்கள் இன்ஸ்டாகிராமைப் பார்த்தேன். என் பாட்டி, வெற்றிலையோடு. 'எங்கள் மாணவியின் படைப்பு' என்று மேலே எழுதி, கீழே போன் நம்பர். '1,45,000 எங்கே?' என்று கமெண்ட் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பிளாக். பாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், தோழியின் போனில் பார்த்தேன்.