ரோத்தன்பர்க் ஒருநாள் சுற்றுலா: 412 யூரோ போச்சு, கவனமாக இருங்கள்

போன சனிக்கிழமை நடந்தது. நாலு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

அப்பா காரைக்குடியில் நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். மியூனிக்கில் எங்களோடு ஒரு மாதம் இருக்க வந்திருக்கிறார். ரோத்தன்பர்க் என்கிற பழைய ஜெர்மன் ஊரில், யாக்கோபு தேவாலயத்தில் ரீமென்ஷ்னைடர் என்ற சிற்பி செதுக்கிய மரப் பலிபீடம் இருக்கிறது. ஐந்நூறு வருஷம் பழசு, லிண்டன் மரம். படத்தைக் காட்டியதும், "சாயமே பூசலையேடா, உளி வேலை அப்படியே தெரியுமே" என்றார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சுற்றுலா சீட்டு விற்கும் ஒரு இணையதளத்தில் பதிவு செய்தேன். பேருந்து, வழிகாட்டி, தேவாலய நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து, ஊரில் ஐந்து மணி நேரம். பெரியவர்கள் நாலு பேருக்கு ஆளுக்கு 79, பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தலா 48. ஆக 412 யூரோ. பணம் கட்டுமுன் சாட்டில் கேட்டேன்: அப்பாவுக்கு முழங்கால் வலி, பீடம் மேல்மாடத்தில் இருக்கிறதாமே? "படிதான், ஆனால் அவசரமே இல்லை. அப்பாவை மெதுவாக ஏறச் சொல்லுங்கள், ஐந்து மணி நேரம் இருக்கிறதே" என்று பதில். அந்த ஒரு வரியில் விழுந்தேன். கார்டு வேண்டாம், வங்கிக்கு நேராக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். அதையும் செய்தேன், மடையன்!

பேருந்து ஒரு மணி நேரம் தாமதம். வழியில் வேறு ஊரில் ஆள் ஏற்றுகிறோம் என்று ஒன்றேகால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். ஊர் மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டபோது மணி 2.20. "3.50-க்குக் கிளம்பிவிடுவோம்" என்றார் ஓட்டுநர். வழிகாட்டி என்று யாருமே இல்லை. சந்தைச் சதுக்கத்துக்கு அப்பாவை நடத்திக் கூட்டிவரும்போது மூன்று அடித்தது. கடிகாரத்துப் பக்கம் ஜன்னல் திறந்து, 1631-ல் ஊரைப் பிடித்த படைத்தளபதி விட்ட சவாலை ஏற்று, மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்து ஊரைக் காப்பாற்றினாராம் என்று கதை சொல்கிறார்களே, அந்த மேயர் பொம்மை குடித்துக் காட்டியது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

தேவாலயத்தில் எங்கள் பெயரில் எந்தச் சீட்டும் இல்லை. சரி என்று கைக்காசு போட்டு உள்ளே போனோம். அப்பா கைப்பிடியைப் பிடித்துப் பாதிப் படி ஏறியிருப்பார், பேருந்துப் பக்கம் போயிருந்த மனைவியிடமிருந்து போன்: எல்லோரும் ஏறியாச்சு, ஓட்டுநர் கத்துகிறார். அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டார்.

திரும்பி வந்து கேட்டால் இணையதளம், "நாங்கள் இடைத்தரகர்தான், பேருந்து நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறது. அவர்கள், "பணம் வாங்கியவர்களைக் கேளுங்கள்" என்கிறார்கள். மூன்றாவது மின்னஞ்சலில், "நேரம் தோராயமானது என்று விதிமுறையில் உள்ளது." நான்காவதில், அடுத்த பயணத்துக்கு 20 யூரோ கூப்பன். 412 யூரோ வாங்கிக்கொண்டு கூப்பன்! சாட்டில் பேசிய அந்த ஆள் இப்போது பதிலே போடுவதில்லை.

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வங்கிக்கு நேராகப் பணம் அனுப்பாதீர்கள். சாட்டில் சொன்னதைப் படம் பிடித்து வையுங்கள், நான் வைக்கவில்லை. பேசாமல் பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் ஒருநாள் போய்வரும் ரயில் சீட்டு) எடுத்து, ஸ்டைனாக் நிலையத்தில் ரயில் மாறிப் போங்கள், 412-ல் கால்வாசிகூட ஆகாது.

அப்பாவுக்கு வியாழக்கிழமை விமானம்.