பலேனோ ஆர்எஸ்: கைப்பிடிப் பட்டறையில் செய்த சைலன்சர், 31,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் வண்டி 2018 மாடல் மாருதி பலேனோ ஆர்எஸ் கார். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. 2020 தொடக்கத்தில் பிஎஸ்6 என்ற புகை விதி வருவதையொட்டி இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். விற்றதும் கொஞ்சம்தான். எந்தப் பாகம் கேட்டாலும் "ஆர்டர் போட்டாத்தானுங்க வரும்" என்பார்கள். சைலன்சர் ஓட்டை விழுந்தபோதும் அதே பதில். நடுப் பைப்பும் பின் சைலன்சரும் சேர்த்து 19,000 ரூபாய், வர ஆறு வாரம்.

துருவுக்கு வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். கோவையில் வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரம், திரும்ப வீடு. நாலு வருஷம் இந்தக் குட்டி ஓட்டம்தான். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். பைப் நன்றாகச் சூடேறினால் ஆவியாகப் போய்விடும். அதற்குள் அணைத்தால் சைலன்சரின் அடியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், அப்பளம் மாதிரி உடைந்தது.

முதலில் செய்தது என் அவசரம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற சைலன்சர் ஒன்றை 3,500 ரூபாய்க்கு மாட்டினேன். ஊருக்குள் பரவாயில்லை. அவிநாசி தாண்டி 90-ல் நிலைத்துப் போனால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஓர் உறுமல். பெருந்துறை வருவதற்குள் வீட்டில் "இனி இதுல நான் ஏற மாட்டேனுங்க" என்றாகிவிட்டது. சத்தம் அளவு மீறினால் 2019 சட்டத்திருத்தப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் வேறு.

அப்புறம்தான் கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். மாடிப்படிக் கைப்பிடியும் ஹோட்டல் சிங்கும் செய்கிற இடம். கையில் காந்தம் கொண்டுபோயிருந்தேன். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று நினைப்பு. பட்டறை அண்ணன் சிரித்தார். கைப்பிடிக்குப் போடும் 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். விலையும் குறைவு, துருவையும் அவ்வளவு தாங்காது. கம்பெனி சைலன்சர்களில் பெரும்பாலும் வரும் 409 ரகத்திலோ காந்தம் நன்றாகவே ஒட்டும். இரண்டு துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, சின்ன பேட்டரியைத் தொட வைத்தார். மாங்கனீஸ் அதிகமான 202-ல் சொட்டு சிவந்தது. துருவை நன்றாகத் தாங்கும் 304 ரகத்தில் சிவக்கவில்லை. அந்த 304-லேயே செய்யச் சொன்னேன்.

"கேட்டலைசர்ல மட்டும் கை வெக்காதீங்க தம்பி. அத எடுத்தீங்கன்னா மீட்டர்ல விளக்கு எரிஞ்சுட்டே கெடக்கும், பொகை சர்டிபிகேட்டும் கெடைக்காது" என்றார். சரி, புகையின் நச்சைக் குறைக்கும் அந்தக் கேட்டலைசருக்குப் பின்னால் உள்ளது மட்டும். டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகைதான். பின்னால் பைப் குறுகினால் அது திணறும். அதனால் பைப்பைப் பழையதைவிட ஒரு நூல் அகலமாக வைத்தோம். வளைவுகளை நசுங்காத ரெடிமேட் பெண்டுகளாகப் போட்டார். சைலன்சருக்குள் துளையிட்ட பைப், சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, நடுவே ஒரு தடுப்பு. ஆர்கான் வெல்டிங் செய்யும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் வாயு விடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உள்பக்கம் கருகிய பாகு மாதிரி பொரிந்து, அங்கேயே துரு ஆரம்பிக்கும். கேஸ்கெட் உட்பட மொத்தம் 8,200 ரூபாய், ஒன்றரை நாள் வேலை.

மைலேஜும் கூடவில்லை, பவரும் கூடவில்லை. கூடியதாகச் சொல்கிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் பவராகக் கேட்கிறது என்று நினைக்கிறேன். பழையபடியே 1,700 ஆர்பிஎம் வாக்கில் இழுவை வருகிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் திணறியதில்லை. உறுமல் முழுக்கப் போகவில்லை. 2,200-ல் லேசாக வந்து போகும், பாட்டுப் போட்டால் தெரியாது.

ஒன்பதாம் மாதம் ஒரு வெல்டிங் விரிந்தது. தொங்கவிடும் கொக்கி அரை இஞ்ச் தள்ளி வைக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு வேகத்தடையிலும் பைப் இழுபட்டிருக்கிறது. அண்ணன் காசு வாங்காமல் கொக்கியை வெட்டிச் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன வாரம் லிஃப்டில் தூக்கிப் பார்த்தோம். பைப் சூட்டில் வைக்கோல் நிறமாகியிருக்கிறது, துரு இல்லை. சைலன்சரைத் தொங்கவிடும் பின்பக்க ரப்பர் ஒன்று மட்டும் வெடித்திருக்கிறது. 150 ரூபாய், இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.