பம்ளிமாஸா, சாத்துக்குடியா: மாத்திரை போடுகிறவர் எதைச் சாப்பிடலாம்?

மாத்திரையோடு வரும் தாளில் 'கிரேப்ஃப்ரூட் கூடாது' என்று படித்துவிட்டுத் திராட்சையை நிறுத்துகிறவர்கள் உண்டு. திராட்சைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கிரேப்ஃப்ரூட் என்பது பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து உண்டான பழம். வேலூர் மார்க்கெட்டில் அது அபூர்வம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது பம்ளிமாஸைத்தான், ஏனென்றால் தொல்லை தரும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இரண்டிலுமே இருக்கிறது.

குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. விழுங்கும் சில மருந்துகளில் ஒரு பங்கை அது அங்கேயே சிதைத்துவிடும், அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் மருந்தின் அளவே தீர்மானிக்கப்படுகிறது. ஃபியூரனோகூமரின் இந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. அதனால் ஒரு மாத்திரை போட்டாலும் இரத்தத்தில் இரண்டு, மூன்று மாத்திரை அளவுக்கு மருந்து ஏறிவிடலாம். குடல் புது நொதியைச் செய்து முடிக்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். 'காலையில் பழம், இரவில் மாத்திரை' என்று நேரத்தைத் தள்ளி வைப்பது பலன் தராததற்குக் காரணம் இதுதான். இத்தனைக்கும் ஒரு முழு கிரேப்ஃப்ரூட்டோ அதன் 200 மில்லி சாறோ போதும்.

ஆக, மிச்சமிருப்பது இரண்டு வழி: பழத்தை விடுவது, அல்லது டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றுவது.

கொழுப்பு மாத்திரைக்கு இரண்டாவது வழி நன்றாகவே பொருந்தும். சிம்வாஸ்டாட்டின்தான் மிக மோசமாக எகிறும். அட்டோர்வாஸ்டாட்டின் அதைவிடக் குறைவு, ஆனாலும் ஏறும். ரோசுவாஸ்டாட்டினை இந்தப் பழம் பெரிதாகத் தொடுவதில்லை. பம்ளிமாஸ் இல்லாமல் முடியாது என்கிறவர் அந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். பிரஷர் மாத்திரையிலும் இப்படித்தான். ஃபெலோடிபின் நன்றாக ஏறும், தலைசுற்றலும் கால் வீக்கமும் வரலாம். கிரேப்ஃப்ரூட்டின் இந்த வேலை 1989-இல் கனடாவில் தற்செயலாகத் தெரியவந்ததே அந்த மருந்தை வைத்துத்தான். அம்லோடிபினில் மாற்றம் மிகச் சிறிது.

சிறுநீரகம் மாற்றியவர்களுக்குப் பழத்தை விடுவது ஒன்றே வழி. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டிலும் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அளவு ஏறினால் கை நடுங்கும், மாற்றி வைத்த சிறுநீரகமே கெடும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1971-இலிருந்து சிறுநீரக மாற்று சிகிச்சை நடக்கிறது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி மருந்து எடுப்பவர்கள் பலர். பம்ளிமாஸ் அவர்கள் ஊரில் வீட்டுப் பழம். அதனால் ஊர் திரும்பும்போது இந்த எச்சரிக்கை அவர்கள் மொழியிலேயே சொல்லப்பட வேண்டும்.

மாற்றுப் பழம் வேண்டுமென்றால் சாத்துக்குடியும் கமலாவும்தான் என் தேர்வு. பேரணாம்பட்டுப் பக்கத்து சாத்கர் ஒருகாலத்தில் ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர், சாத்துக்குடி என்ற பெயரே அங்கிருந்து வந்தது என்பார்கள். இவை அந்த நொதியை முடக்குவதில்லை. ஆனால் அலர்ஜிக்குப் போடும் ஃபெக்ஸோஃபெனடினை எந்தப் பழச்சாறோடும் விழுங்காதீர்கள். இங்கே சிக்கல் நேர் எதிர்: மருந்து உடம்பில் ஏறாமல் போகும். வெறும் தண்ணீர்தான் சரி. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிக்குச் சாத்துக்குடிச் சாறும் ஆகாது.

நார்த்தங்காய் விஷயத்தில் கவனம் தேவை. அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு காய்கள் விற்கிறார்கள். கசப்பு ஆரஞ்சு வகையாக இருந்தால் அதிலும் ஃபியூரனோகூமரின் உண்டு. பிரஷர்காரருக்கு ஊறுகாயின் உப்பு வேறு கெடுதல்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். எந்த நாள், எவ்வளவு என்று குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்ரோலிமஸ் எடுப்பவர் அன்றே போன் செய்ய வேண்டும், இரத்தத்தில் மருந்தளவு பார்க்கச் சொன்னால் காலை மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். கொழுப்பு மாத்திரை எடுப்பவருக்குத் தொடையிலும் தோளிலும் காரணமில்லாத வலி வந்து, சிறுநீரும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், அது தசை சிதையும் அறிகுறி. காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.