மில்லிசெகண்டை டிக்காக மாற்றும் பெயர்: ஃப்ரீஆர்டிஓஎஸ் வழியா, செஃபிர் வழியா?

எங்கள் குழுவின் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளுக்காக ஒரு பொது நூலகம் (கோட் லைப்ரரி) எழுதினோம். மில்லிசெகண்டை டிக்காக (இயங்குதளம் நேரத்தை எண்ணும் துடிப்பு) மாற்றும் ஃபங்ஷனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே இரண்டு நாள் ஓடிவிட்டது. ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் இரண்டும் இப்படிப்பட்ட போர்டுகளுக்கான இயங்குதளங்கள்; கடைசியில் செஃபிர் வழியைப் பிடித்துக்கொண்டேன். இன்றும் அதுதான் சரி என்பேன்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அந்த மேக்ரோவின் பெயர் பிடிஎம்எஸ்_டு_டிக்ஸ். சின்னது, கைக்குச் சீக்கிரம் பழகிவிடும். செஃபிரில் அதே வேலைக்கு கே_எம்எஸ்_டு_டிக்ஸ்_சீல்32. நீளம்தான், ஆனால் எடிட்டரே நிரப்பித் தருகிறது.

விஷயம் அந்த 'சீல்' (மீதி இருந்தால் அடுத்த முழு எண்ணுக்கு மேலே ஏற்று) என்ற வாலில் இருக்கிறது. வகுத்தால் மீதி வருமே, அதை என்ன செய்வது? டிஎச்டி11 என்ற வெப்பநிலை, ஈரப்பத சென்சாரை எழுப்ப, டேட்டா லைனைக் குறைந்தது 18 மில்லிசெகண்ட் லோவில் வைக்க வேண்டும். டிக் 100 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு டிக் 10 மில்லிசெகண்ட். ஃப்ரீஆர்டிஓஎஸ் மேக்ரோ மீதியை வெட்டிவிடும்: 18 கொடுத்தால் 1 டிக், 5 கொடுத்தால் 0. சென்சார் பதிலே சொல்லாது. அதே வரி 1000 ஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடுவதால் ரிவ்யூவில் யார் கண்ணிலும் படாது. சீல் என்றால் 2 டிக். (முதல் டிக்கின் நடுவில் காத்திருப்பு தொடங்கலாம் என்பதால் இன்னும் ஒன்று வேண்டும்; செஃபிரின் காத்திருப்பு ஃபங்ஷனான கே_ஸ்லீப் அதைத் தானே சேர்த்துக்கொள்கிறது.)

அதற்காக எங்கும் மேலே ஏற்றிவிடவும் முடியாது. காத்திருக்க சீல், கடந்த நேரத்தைச் சொல்ல ஃப்ளோர் (மீதியை வெட்டுவது), இல்லையென்றால் இன்னும் ஆகாத மில்லிசெகண்டை ஆனதாகச் சொல்லிவிடுவோம். சீல், ஃப்ளோர், நியர் (அருகிலுள்ள முழு எண்) மூன்றும் தனித்தனிப் பெயர்களாக இருப்பதால், எழுதுகிறவர் அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். பிறகு படிப்பவருக்கும் அந்த முடிவு வரியிலேயே தெரியும்.

கடைசியில் நிற்கும் 32 விடையின் பிட் அளவு. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் பெருக்கல் 32 பிட்டில் நடந்தது. 1000 ஹெர்ட்ஸில் சுமார் 71 நிமிடத்தைத் தாண்டிய மதிப்பு 32 பிட்டில் அடங்காமல் ஓவர்ஃப்ளோ ஆகிவிடும். பெயரில் அதற்கு அறிகுறியே கிடையாது.

லினக்ஸ் கெர்னலில் இதே வேலையைச் செய்யும் எம்செக்ஸ்_டு_ஜிஃபீஸ் (அங்கே டிக்குக்கு ஜிஃபி என்று பெயர்) மேலே ஏற்றுகிறது. நல்லது, ஆனால் அது தெரிய உள்ளே போய்ப் படிக்க வேண்டும். கெர்னலுக்குள் நான் இரண்டு டிரைவர்தான் எழுதியிருக்கிறேன், அதனால் அங்கே இது எவ்வளவு உறுத்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரே போர்டு, 1000 ஹெர்ட்ஸ், மாறவே போவதில்லை என்றால் பிடிஎம்எஸ்_டு_டிக்ஸ் போதும். எங்களுக்கு டிக் வேகம் போர்டுக்குப் போர்டு மாறுகிறது. அதனால் எங்கள் நூலகத்தில் வால் இல்லாத பெயரே வைக்கவில்லை.