ரப்பரை விட்டு இறங்குவதா, துள்ளித் திரும்புவதா?

போன சீசனில் ஒரு பேஸ்பால் ஆட்டம். பந்தெறியும் பிட்சர் நான்; ரப்பர் என்பது நான் மிதித்து நின்று எறியும் பட்டை. ஃபர்ஸ்ட் பேஸிலும் தேர்ட் பேஸிலும் எதிரணியின் ரன்னர்கள். ஃபர்ஸ்டில் இருந்தவன் அடுத்த பேஸுக்கு ஓடப் பார்த்து, பேஸை விட்டு ரொம்பவே தள்ளி நின்றான். அவனை அவுட்டாக்க, ரப்பரை விட்டு இறங்காமலே ஃபர்ஸ்டை நோக்கித் துள்ளித் திரும்பினேன். பார்த்தால், எங்கள் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பேஸை விட்டு விலகி கையுறை நாடாவை இறுக்கிக்கொண்டிருக்கிறார்! எறியாமல் பந்தைப் பிடித்துக்கொண்டேன். அம்பயர் "பால்க்" என்றார்; பிட்சர் செய்யும் விதிமீறல் அது. தண்டனையாக ரன்னர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னேறுவார்கள். தேர்டில் இருந்தவன் நிதானமாக நடந்து வந்து ரன்னைச் சேர்த்தான். அன்று முதல் நான் ரப்பரை விட்டு இறங்கும் கட்சி.

வேகம் துள்ளலில்தான், மறுக்கவில்லை. வலக்கை பிட்சருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் முதுகுப் பக்கம். ரன்னரை அவுட்டாக்க வேண்டுமென்றால் ஒரே வீச்சில் திரும்பி, இடது காலை ஃபர்ஸ்டை நோக்கி எட்டி வைத்து எறிய வேண்டும். நின்ற இடத்திலேயே சுழன்றால் பால்க்.

ஆனால் துள்ளிவிட்டால் எறிந்தே தீர வேண்டும். செகண்ட் பேஸுக்கு மட்டும் எறிவதுபோல் பாசாங்கு காட்டலாம். தேர்டுக்கும் இருந்த அந்தச் சலுகையை, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் 2013இல் எடுத்துவிட்டது. வலது காலை ரப்பருக்குப் பின்னால் எடுத்து வைத்தாலோ, அந்த நொடியே பிட்சர் ஒரு இன்ஃபீல்டர், அதாவது பேஸ்களை ஒட்டி நிற்கும் சாதாரண ஃபீல்டர், ஆகிவிடுகிறார். எறியலாம், எறிவதுபோல் கையை ஓங்கலாம், சும்மாவும் நிற்கலாம். மனம் மாற இடமிருக்கிறது பாருங்கள், எனக்கு அது போதும். எங்களைப் போன்ற வார இறுதி அணிகளில் பந்தைப் பிடிக்க ஆள் தயாராக இருப்பார் என்று யார் உறுதி சொல்வது?

ஒரு எச்சரிக்கை: முதலில் கால், அப்புறம்தான் கை. கால் நகரும் முன், பந்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கைகள் பிரிந்தால் அதுவும் பால்க். இந்த வரிசை உடம்பில் ஏற, வீட்டுக் கண்ணாடி முன் தினமும் செய்து பார்த்தேன்.

இதிலும் ஒரு பாதகம் உண்டு. எறிந்த பந்து கைமீறி ஆட்டப் பரப்பைத் தாண்டிப் போனால், ரப்பரில் இருந்து எறிந்ததற்கு ரன்னருக்கு ஒரு பேஸ். இறங்கிய பிறகு எறிந்ததற்கு இரண்டு. அதனால் இறங்கினால் நான் பெரும்பாலும் எறிவதில்லை. ஒரு முறைப்பு, அவ்வளவுதான். ரன்னர் தானாகத் திரும்பி ஓடுவான்.

மேஜர் லீக்கில் இப்படி அடிக்கடி இறங்க முடியாது. 2023 முதல் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். இறங்கினாலும் எறிந்தாலும் கணக்கில் சேரும். மூன்றாவது முறை யாரும் அவுட் ஆகாவிட்டால் பால்க். அங்கே என் கட்சி எடுபடாது. இடக்கைக்காரர்களோ ஃபர்ஸ்டைப் பார்த்தபடியே நிற்பவர்கள். அந்தக் கையால் எறிந்து பழகாத நான் அவர்களுக்கு யோசனை சொல்வது சரியல்ல.