வியன்னால மாலர் வாக்கிங் டூர்: கைடுக்கு முழு மார்க், பிளானுக்கு பாதி

நாலு மணி நேரம், ஆளுக்கு 40 யூரோ, ட்ராம் டிக்கெட் தனி. இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் வாழ்ந்த ஊர நடந்தே பாக்கலாம்னு போட்டிருந்தாங்க, அவரோட ரெண்டாம் சிம்பொனிய கேட்டே கிறுக்கு புடிச்சவன் நான், யோசிக்காம புக் பண்ணிட்டேன்.

ஓப்பரான்னா பாட்டாவே நடக்கற நாடகம், அதுக்கான அரங்கமான ஸ்டேட் ஓப்பரா வாசல்ல ஆரம்பிக்கறாங்க. கைடு ரிட்டயர்டு வயலின் டீச்சராம், சும்மா சொல்லக்கூடாது, அந்தம்மா பிச்சு உதறிட்டாங்க. 1897ல இருந்து 1907 வரைக்கும் மாலர்தான் இங்க டைரக்டர். யூதரா பொறந்தவரு, அப்படியே இருந்தா இந்த வேலை கெடைக்காதுன்னு 1897 பிப்ரவரிலயே கத்தோலிக்கரா மாறிட்டாரு, அப்பவும் பத்திரிகைல யூத வெறுப்ப கக்கறவங்க விடலையாம். வந்ததும் லேட்டா வர்றவங்கள ஓவர்ச்சர்ங்கற ஆரம்ப இசை முடியற வரைக்கும் உள்ள விடாதேன்னுட்டாரு, காசு வாங்கிட்டு கைதட்டற கும்பல ஒழிக்கப் பாத்தாரு. 1903ல ரோலர்ங்கற ஓவியர கூட்டிட்டு வந்து டிரிஸ்டான் ஓப்பராவுக்கு கலரையும் லைட்டையும் வச்சே மேடைய மாத்தின கதைய அந்தம்மா சொன்ன விதம் இருக்கே, ரோட்டுல நிக்கறதே மறந்துபோச்சு. அதோட ஒரு நேர்மையும் இருந்துச்சு, 1945ல குண்டு விழுந்து ஆடிட்டோரியம் எரிஞ்சுபோச்சு, 1955ல தொறந்தது புதுசா கட்டினது, அதனால உள்ள போய் மாலர் நின்ன இடம்னு உருகாதீங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

அடுத்தது கார்ல்ஸ்கிர்ஷ, 1902 மார்ச்ல ஆல்மாவ கல்யாணம் பண்ண சர்ச். அஞ்சு நிமிஷம்தான், அது போதும். காதுல மாட்டற ரிசீவர் கரகரன்னே இருந்துச்சு, ரெண்டு தடவை மாத்திக் குடுத்தும் அதே கதைதான்.

அப்புறம் அவுயன்ப்ருக்கர்காஸ்ஸ 2ம் நம்பர், பத்து வருஷத்துக்கு மேல அவர் குடியிருந்த வீடு. வெளிய ஒரு கல்வெட்டு, அவ்ளோதான், உள்ள போக முடியாது. இங்க எந்த சிம்பொனி எழுதினாருன்னு ஒருத்தர் கேட்டாரு. அந்தம்மா சிரிச்சுட்டு, இங்க உக்காந்து திருத்தியிருப்பாரு, காப்பி எடுத்திருப்பாரு, புதுசா எழுதினதெல்லாம் லீவுல ஏரிக்கரைலதான்னாங்க. வருஷம் பூரா ஓப்பரா நடத்தவே நேரம் சரியா இருக்கும், கோடை லீவு விட்டாதான் பேனாவ எடுப்பாரு. ஸ்டைன்பாக்ல ஏரியோரமா ஒரு ரூம் கட்டிக்கிட்டு மூணாம் சிம்பொனி, மையர்னிக்ல காட்டுக்குள்ள இன்னொரு குடில், அஞ்சாம் சிம்பொனில இருந்து எட்டாம் சிம்பொனி வரைக்கும் அங்கதான். கடைசி கோடைகள்ல டோப்லாக்ங்கற ஊரு, ஒன்பதாவதும் முடிக்காத பத்தாவதும் அங்க.

எனக்கு அப்பதான் உறைச்சுது, காலைல இருந்து நாம பாத்ததெல்லாம் மனுஷனோட ஆபீஸ். தப்பில்ல, உயிரோட இருந்தப்ப அவரு ஆர்கெஸ்ட்ராவ நடத்தற பெரிய கண்டக்டர்னுதான் முதல்ல பேரு. ஆனா 'இசை பிறந்த இடங்கள்'னு நோட்டீஸ்ல போட்டது ஓவர்.

அடுத்து காபி கடைல 40 நிமிஷம் உக்கார வச்சாங்க, அந்த கடைக்கும் மாலருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, கமிஷன் இருக்கும்னு எனக்கு ஒரு டவுட்டு. அந்த நேரத்த எங்க குறைச்சாங்க தெரியுமா, மாலர அடக்கம் பண்ணின க்ரின்ட்ஸிங் கல்லறைல. 1907ல அவரோட மூத்த பொண்ணு நாலு வயசுல போயிடுச்சு, அதே வருஷம் இதயத்துல கோளாறுன்னு டாக்டர் சொல்றாரு, ஓப்பரா வேலையும் விட்டுட்டு நியூயார்க் போறாரு. 1910 செப்டம்பர்ல ம்யூனிக்ல ஆயிரம் பேருக்கு மேல மேடையேத்தி எட்டாம் சிம்பொனி, வாழ்க்கைலயே பெரிய வெற்றி. எட்டு மாசத்துல, 1911 மே 18, அம்பது வயசுல ஆள் இல்ல. இத்தனையையும் 38ம் நம்பர் ட்ராம்ல நின்னுக்கிட்டே கடகடன்னு சொல்லி முடிச்சுட்டாங்க, பாவம் அவங்க மேல தப்பில்ல, டைம் இல்ல.

கல்லறைல பேரு மட்டும்தான், வருஷம் கூட கெடையாது. தேடி வர்றவங்களுக்கு நான் யாருன்னு தெரியும், மத்தவங்களுக்கு தெரிய வேணாம்னு சொன்னாராம். அந்த பொண்ணும் அங்கதான் இருக்கு. நாங்க நின்னது பத்து நிமிஷம்.

என் மார்க் அஞ்சுக்கு மூணரை. போறவங்க காபி கடைல உக்காராம நேரா ட்ராம் புடிச்சு க்ரின்ட்ஸிங் போயிடுங்க, குரூப் வந்து சேர்றதுக்குள்ள அங்க கொஞ்ச நேரம் தனியா இருக்கலாம்.